இடது காலுக்கு மட்டும் கம்பளி

எதையோ விட்டுவிட்டு வந்திருக்கிறேன். சேரிங் கிராஸைத் தாண்டும்போதே இந்த எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டது, ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது, எனக்கு என்னைத் தெரியும். வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை, கலாமணி உள்ளே இருக்கிறாள். ஃபோன் நெஞ்சுப் பையில் இருக்கிறது. அப்புறம் என்ன? தலையிலிருந்து வருவோம். தலையில் ஹெல்மெட். அதற்கடியில் குல்லா, ஊட்டிக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாங்கி மாட்டிக்கொள்கிற குரங்குக் குல்லா அல்ல, அது ஹெல்மெட்டுக்குள் அடங்காது, இது காதை மட்டும் இறுக்கி மூடுகிற மெல்லிய கறுப்புக் குல்லா, ஜெராக்ஸ் கடை போஜன் கொடுத்தது. கழுத்தில் கலாமணி சுற்றிவிட்ட மப்ளர். உடம்போடு ஒட்டி ஒரு வழுவழுப்பான பனியன், பருத்தி கூடாது, பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டுப் பிறகு அதை நம் மேலேயே திருப்பிவிடும். அதன்மேல் ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்கு மேல், நெஞ்சுக்கு நேராக, நேற்றைய தினசரி நான்காக மடித்தது. அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். கையில் முதலில் ரப்பர் உறை, கெமிஸ்ட்ரி லேபில் கேட்டு வாங்கியது, அதன்மேல் கம்பளி உறை. இடுப்புக்குக் கீழே, சொல்ல வெட்கம்தான், கலாமணியின் கறுப்பு லெக்கின்ஸ், அதை மறைக்க ஒரு டிராக் பேண்ட். ஐம்பத்திரண்டு வயதில் பொண்டாட்டி லெக்கின்ஸைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவன் ஊட்டியில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன், போஜன் சொன்னான், "நாச்சி சார், எல்லாரும் அதான் போடறாங்க, யாரும் வெளியில சொல்றதில்ல." ஆக மேலே எல்லாம் இருக்கிறது. விட்டது எது?

கால். இன்றைக்கு விசேஷமே காலில்தான். வலது காலில் ஆபீஸுக்குப் போடுகிற மெல்லிய நைலான் சாக்ஸ் ஒன்று, அவ்வளவுதான். இடது காலில் அதே மெல்லிய சாக்ஸ், அதன்மேல் திபெத்தியர் கடையில் வாங்கிய தடித்த கம்பளி சாக்ஸ், அதன்மேல் கழுவிக் காயவைத்த பால் கவர் விரல்களை மூடுகிற அளவுக்கு, பிறகு ஷூ. பால் கவர் வேடிக்கையாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும், காற்று அதைத் தாண்டாது. இடது ஷூவின் நாடாவை இரண்டு ஓட்டை தள்ளித் தளர்த்தியிருக்கிறேன், நிறையச் சுற்றிவிட்டு ஷூவை இறுக்கினால் ரத்தம் ஓடாது, சூட்டுக்குப் பதில் குளிர்தான் மிஞ்சும். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன். கலாமணிக்குத் தெரியாமல் செய்ததுதான் சிரமம். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாக்ஸை ஊறப்போடும் முன் இரண்டையும் சேர்த்து ஓர் ஊக்குக் குத்திவிடுவாள், காய்ந்து மடித்து அலமாரிக்குப் போகிறவரை அந்த ஊக்கு கழலாது. வாய்ப் பக்கம் குத்தினால் எலாஸ்டிக் போய்விடும் என்று விரல் பக்கமாகத்தான் குத்துவாள். இருபத்தாறு வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒற்றைச் சாக்ஸ் என்று ஒன்று கிடந்ததில்லை. இன்றைக்கு முதல்முறையாக நான் ஒரு ஜோடியைப் பிரித்தேன். விளக்கைப் போடாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து திருடன் மாதிரி ஊக்கைத் திறந்தேன், அந்நேரம் பார்த்து, "ஏனுங்க, மப்ளர் எடுத்தீங்களா?" என்று சமையலறையிலிருந்து சத்தம், ஒன்றைக் காலில் இழுத்து மாட்டிக்கொண்டு மற்றதை அலமாரியில் அவள் சேலைக்கு அடியில் திணித்துவிட்டு எழுந்தேன். திணித்தது நினைவிருக்கிறது. அலமாரியைச் சாத்தினேனா? சாத்தினேன். அதுவும் இல்லை.

நான் விளையாட்டுக்கு இதைச் செய்யவில்லை. முப்பது வருஷமாகக் கல்லூரியில் பிசிக்ஸ் லேப் அசிஸ்டென்ட், ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றை மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைக்க வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: என் கால் விரல்கள் மரத்துப்போவது குளிராலா, சர்க்கரையாலா? சர்க்கரை வந்து மூன்று வருஷம் ஆகிறது. டாக்டர் நடக்கச் சொன்னார், நடப்பது அலுப்பாக இருந்தது, சைக்கிள் வாங்கினேன். தீபாவளிக்கு முன்னாலிருந்து விரல் நுனிகளில் ஏதோ குறைகிறது. வலி இல்லை, அரிப்பு இல்லை, பஞ்சின்மேல் நிற்கிற மாதிரி. ஊட்டியில் மார்கழி தை மாதத்தில் யாருக்குத்தான் கால் மரக்காது? அப்படித்தான் விட்டேன். மூன்று வாரத்துக்கு முன் பையன்கள் எல்லாம் போன பிறகு லேபில் தனியாக உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிவிட்டு இசைக்கவையை எடுத்தேன். டாக்டர்கள் அதை வைத்துத்தான் சோதிப்பார்களாம், எங்கோ படித்தேன். ரப்பர் கட்டையில் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்தேன். ரீங்காரம் காதுக்குக் கேட்டது. விரலுக்குக் கேட்கவில்லை. கணுக்காலில் வைத்தால் அதிர்வு நன்றாகத் தெரிகிறது, விரலுக்கு வந்தால் ஒன்றுமில்லை, வெறும் இரும்பு. நாலைந்து தடவை தட்டினேன். பிறகு லேப் தரை ஐஸாக இருக்கிறது, அதில் வெறுங்காலை வைத்தால் யாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு கவையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பூட்டியது கவையைத்தான், எண்ணத்தை இல்லை. ஆகவே இன்று ஒரு காலைப் பொத்தி, ஒரு காலைக் குளிருக்குக் கொடுத்து, குன்னூர்ப் பக்கம் இறங்குகிறேன். பொத்திய கால் நன்றாக இருந்து மற்றது மரத்தால் குற்றவாளி குளிர். இரண்டும் மரத்தால்... அதை அப்புறம் பார்ப்போம்.

இரண்டு டிகிரி இருக்கும். குதிரைப் பந்தய மைதானத்தில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, அழுகை இல்லை, ஆனால் எதிரே பால் வண்டியில் வந்தவர் என்னைப் பார்த்த பார்வையில் ஐயோ பாவம் இருந்தது. குளிரில் கண் ஏன் கலங்குகிறது? காற்று ஈரத்தைக் கொண்டுபோவதால் கண் பதறிப்போய்க் கூடுதலாகச் சுரக்கிறது என்பார்கள், மூக்கும் அதே கூத்துதான். காதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வலி? அதில் சதை இல்லை, இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிறது, வாங்கிய சூட்டை இரண்டு பக்கமும் கொட்டுகிறது. அப்படியானால் விரல்களும் அதே ஜாதிதானே, அதுவும் சுற்றிலும் திறந்து கிடப்பதுதானே, அதுவும் வலிக்கத்தானே வேண்டும். கை விரல் வலிக்கிறது. இரண்டு உறைக்குள்ளும் சுண்டு விரல் சுருக் சுருக்கென்கிறது. எவ்வளவு நல்ல வலி! வலது கையால் பிரேக்கைப் பிடிக்கும்போது இரும்பின் குளிர் இரண்டு உறையையும் தாண்டி வந்து எலும்பில் தட்டுகிறது, ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்கிற பிள்ளை மாதிரி. காலைக் கேட்டால் பதில் இல்லை. இப்போதுதானே கிளம்பியிருக்கிறோம், நேரம் கொடுக்க வேண்டும். போஜன் ஒரு விதி சொல்வான், "கிளம்பும்போது குளிரணும் சார், குளிரலைன்னா போட்டது ஜாஸ்தின்னு அர்த்தம்." போன வருஷம் முதல் பனிக்காலத்தில் அந்த விதி தெரியாமல் இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் கலாமணியின் தம்பி சென்னையிலிருந்து கொடுத்தனுப்பிய ரெயின்கோட் என்று பொதிந்துகொண்டு தொட்டபெட்டா ஏறினேன். மேலே போவதற்குள் உள்ளே குளித்துவிட்டேன். பெருமையாக இருந்தது, இவ்வளவு பனியில் வியர்க்கிறதே என்று. இறங்க ஆரம்பித்த நூறு அடியில் அந்த ஈரம் முழுக்கப் பனிக்கட்டியாகிப் பல் தந்தி அடித்தது, பிரேக் பிடிக்க விரல் மடங்காமல் ஓரமாக இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, குளிரைக் கொண்டுவருவது வெளிக்காற்று மட்டுமில்லை, நாம் உள்ளே சேர்த்து வைப்பதும்தான். அப்புறம் போஜன் அந்த நியூஸ்பேப்பர் வித்தையைச் சொல்லிக் கொடுத்தான். ஏறும்போது ஜாக்கெட்டைத் திறந்துவிடு, உச்சியில் பேப்பரை நெஞ்சில் செருகு, இறங்கு. ஞாயிற்றுக்கிழமை மலர் உதவாது, வழவழப்பு, நழுவி வயிற்றுக்கு வந்துவிடும். சாதாரணப் பக்கம்தான். இப்போது என் நெஞ்சில் மணமகள் தேவை பக்கம் இருக்கிறது, மடிக்கும்போது பார்த்தேன், நல்ல அடர்த்தியான பக்கம்.

லவ்டேல் சந்திப்பில் சின்ன ஏற்றம். ஜாக்கெட் ஜிப்பை இறக்கு. மூச்சு புகையாகப் போகிறது. மிதிக்கும்போது விரல் மடங்கி நிமிர்கிறதா? மடங்கும், நான் மடக்குகிறேனே. மடக்குவது வேறு, மடங்கியதாகத் தெரிவது வேறு. உத்தரவு போகிறது, கிடைத்ததற்கு ரசீது வரவில்லை. சே, என்ன வார்த்தை இது. வலதை மட்டும் கவனி. வலது குதிகாலில் குளிர் தெரிகிறது, பாதத்தின் வளைவில் தெரிகிறது, விரலடி மேடு வரைக்கும் வந்து அங்கே நின்றுவிடுகிறது. அதற்கப்பால் ஷூ இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிகிறது. இடது? குதிகாலில் கதகதப்பு. வளைவில் கதகதப்பு. விரலில்... கதகதப்பு என்று சொல்லலாமா? குளிர் இல்லை, அது நிச்சயம். குளிர் இல்லையென்றால் கதகதப்புத்தானே? இங்கேதான் இடிக்கிறது. கதகதப்பும் ஒன்றுமே இல்லாததும் உள்ளேயிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கின்றன. வீட்டில் இதை நான் யோசிக்கவில்லை. தெர்மாமீட்டர் இல்லாமல் ஒரு சோதனை செய்யப் புறப்பட்டிருக்கிறேன். சோதிக்கப்படுவதும் கால், சோதிக்கிற கருவியும் அதே கால். முதல் வருஷப் பையன் எவனாவது கால்வனாமீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் ரீடிங் எடுத்தால் நான் முறைப்பேன், "கரண்ட் இல்லாம நிக்குதா, மீட்டர் செத்து நிக்குதா, மொதல்ல அதப் பாருப்பா" என்பேன். முப்பது வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். நமக்கென்று வரும்போது முறைக்க ஆளில்லை. அதுதான் விட்டுவிட்டு வந்ததா? தெர்மாமீட்டரா? இல்லை, அந்த எண்ணம் அதற்கு முன்பே வந்தது, சேரிங் கிராஸில். அது ஒரு பொருள். கையில் தொட்ட பொருள். சின்னது.

கேத்திப் பள்ளத்தாக்கு திறந்துகொண்டது. வெயில் எதிர்ச் சரிவின் உச்சியில் மட்டும் பட்டிருக்கிறது, கீழே வீடுகள் இன்னும் நிழலில். இந்தப் பக்கம் மண் பாதையில் மூன்று பெண்கள் கேரட் தோட்டத்துக்குப் போகிறார்கள், தலையில் துண்டு, மேலே ஆண்பிள்ளை ஸ்வெட்டர், அதன்மேல் ஒரு சால்வை, கீழே பார்த்தால் ரப்பர் செருப்பு, விரல்கள் வெறுமே. இது எனக்கு எப்போதும் ஆச்சரியம். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களும் அப்படித்தான், கழுத்துவரை கம்பளி, காலுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன், ஒருவர் சிரித்தார், "காலுக்கு எங்கீங்க குளிரு, அது நடந்துக்கிட்டேல்ல இருக்கு." அவர் விரல்கள் வெடித்துச் சிவந்து கிடந்தன. குளிரத்தான் செய்யும், அவர் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தாமல் இருப்பதற்கும் முதலில் தெரிய வேண்டும். ரப்பர் செருப்பு. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. போய்விட்டேன். காரமடையில் எங்கள் அண்ணன் வேலுமணி ஒரு செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். வலது காலில் செருப்பு, இடது கால் வெறுங்கால், கையில் கத்தரிக்காய்ப் பை. "ஏனுங் மாமா, இன்னொண்ண யாருக்குக் குடுத்தீங்க?" என்று கலாமணி கேட்டாள், அண்ணன் குனிந்து பார்த்து அசடு வழிந்தார், நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். செருப்பு வழியிலேயே கழன்று கிடந்திருக்கிறது, அவர் அரை மைல் வெறுங்காலோடு நடந்திருக்கிறார், வெயிலில், தார் ரோட்டில், கழன்றதே தெரியவில்லை. சிரித்தோமே. அதுதான் என்னை இப்போதும் உலுக்குகிறது, அவ்வளவு நல்லாச் சிரித்தோம். இரண்டு வருஷத்தில், இதே சர்க்கரையால், கோயமுத்தூரில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அண்ணிக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. நாற்பது நாள் கட்டு மாற்றும்போது கூட நின்றது கலாமணிதான், பஞ்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சுளிக்காமல். அவளிடம் போய் எனக்கும் விரல் மரக்கிறது என்று எப்படிச் சொல்ல? சொன்னால் அவள் ஒன்றும் கத்த மாட்டாள். பேசாமல் என் காலைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் ஏற்கனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன், அது அண்ணன் காலின்மேல் இருந்தது. சைக்கிளை விற்றுவிடச் சொல்வாள் என்பதுகூட இரண்டாவதுதான். எனக்கு அந்தப் பார்வை பயம்.

வளைவு. பின்னால் பஸ், ஓரம் கொடு. குன்னூர் பஸ்தான், ஜன்னலெல்லாம் ஆவி படிந்து உள்ளே இருப்பவர்கள் நிழல்களாகத் தெரிகிறார்கள், ஒருவர் கையால் ஆவியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த இறக்கத்தில் மணிக்கு முப்பத்தைந்தாவது போவேன். இரண்டு டிகிரி அந்த வேகத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், தெர்மாமீட்டர் காட்டுவது மாறாது, தோல் அப்படித்தான் கணக்குப் போடும். நெஞ்சில் பேப்பர் சரசரக்கிறது. அதன் உள்பக்கம் சூடு, என் சொந்தச் சூடு, வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே நிற்கிறது. இந்த மாதிரி விஷயம்தான் எனக்குப் பிடிக்கும். துணி எதுவும் சூடு தருவதில்லை, எந்தக் கம்பளியும் அடுப்பு இல்லை, இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். பொம்மைக்குப் பத்து ஸ்வெட்டர் போட்டாலும் பொம்மை குளிர்ந்துதான் கிடக்கும். உள்ளே ரத்தம் ஓட வேண்டும். சரி, பொம்மை வேண்டாம். எல்லநள்ளி வந்துவிட்டது. வலதைப் பார். ஆ! வலது சுண்டு விரலில் ஏதோ ஒன்று. ஊசி குத்துகிற மாதிரி. இருக்கிறதா? இருக்கிறது. போச்சு. மறுபடி இருக்கிறது! சுண்டு விரலின் வெளி ஓரத்தில் சுருக்கென்று ஒன்று, கை விரலில் வந்த அதே ஜாதி வலி, கொஞ்சம் தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி. வாடா ராஜா, வா! குளிருக்குக் கொடுத்த கால் கத்துகிறது, பொத்தி வைத்த கால் கத்தவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினோம், கம்பளியை. விடை வந்துவிட்டதா இல்லையா? இடது கால் சத்தமே இல்லாமல் சுகமாக இருக்கிறது, ஒரு குறையும் சொல்லவில்லை, தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி. பாட வேண்டும் போல இருக்கிறது. கத்தினேன் என்று நினைக்கிறேன், அருவங்காட்டுப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி திரும்பினார். மூன்று மாதம் எனக்குள் நானே என்னென்ன கற்பனை, மனசுக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, காலை எடுத்து, போஜன் வந்து ஆரஞ்சு கொடுத்து, கல்லூரியில் படியேற முடியாமல் கீழ்த்தளத்துக்கு மாற்றல் கேட்டு. எல்லாம் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸில் தீர்கிற விஷயம். அந்த மெல்லிய ஆபீஸ் சாக்ஸ்தான் வில்லன். இனி இரண்டு காலுக்கும் கம்பளி. வீட்டுக்குப் போனதும் சேலைக்கு அடியிலிருந்து அந்த இன்னொன்றை எடுத்து ஜோடி சேர்த்துவிட வேண்டும், கலாமணி பார்ப்பதற்குள். அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. சொல்ல ஒன்றும் இல்லையே.

வெலிங்டனுக்கு முன்னால் ஆரோக்கியமேரி அக்கா டீக்கடை, நான் எப்போதும் நிற்கிற இடம், கலாமணிக்கும் தெரியும். பெஞ்சில் இப்போதுதான் வெயில் வந்து உட்கார்ந்திருக்கிறது, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சக்கர இல்லாம, ஸ்ட்ராங்கா," என்று நான் வாயைத் திறக்கும் முன் அவரே சொல்லிவிட்டு உள்ளே போனார். கையுறைகளைக் கழற்றினேன், ரப்பருக்குள் விரல்கள் வேகவைத்த மாதிரி சுருங்கியிருந்தன. சோதனை என்றால் முடிவைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். முதலில் வலது ஷூ. நைலான் சாக்ஸை உருவினேன், விரல்கள் மெழுகு வெள்ளை, சுண்டு விரல் மட்டும் சிவந்து, பாவம் அதுதான் கத்தியது. தேய்த்தேன். அப்புறம் இடது ஷூ. தளர்ந்த நாடா, சுலபமாக வந்தது. பால் கவரின் உள்பக்கம் ஈரம். வியர்வை, இருக்கத்தானே செய்யும், காற்றுப் புகாவிட்டால் வியர்வையும் போகாது. ஆனால் வியர்வைக்கு நிறம் கிடையாது. கவரின் நீலப் பூவுக்குப் பின்னால் அது செக்கச்செவேல் என்றிருந்தது. சாக்ஸின் சாயம் என்று நினைத்தேன், ஒரு நொடி உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், சாக்ஸ் சாம்பல் நிறம் என்பது தெரிந்தும். கவரை இழுத்தேன். கம்பளியின் முன்பாதி நனைந்து கறுத்திருந்தது. அதன் நடுவில், இரண்டாவது விரலுக்குக் கீழே, மேட்டில், ஊக்கின் வளையம் பளபளவென்று தெரிந்தது. வாய் திறந்திருந்தது. கம்பி கம்பளியைத் தாண்டி, மெல்லிய சாக்ஸைத் தாண்டி, உள்ளே போயிருந்தது. ஓஹோ என்றுதான் முதலில் தோன்றியது. இதுதானா. இதைத்தான் தேடிக்கொண்டு வந்தேன், விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்தது இதைத்தான், விடவில்லை, கொண்டுவந்திருக்கிறேன். சேரிங் கிராஸிலிருந்து பதினைந்து கிலோமீட்டர், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு குத்து, எத்தனை மிதி இருக்கும்? சாக்ஸ் இரண்டையும் சுருட்டிக்கொண்டு ஊக்கைப் பிடித்து இழுத்தேன். தோல் கொஞ்ச தூரம் கூடவே வந்து பிறகு விட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி, அடுத்து என்ன ஆகிறது என்று. ரத்தம் பொட்டாக வந்து, பெரிதாகி, வழிந்தது. வலிக்கட்டும் என்று காத்திருந்தேன். வெயில் காலில் பட்டது. விரலால் அந்த இடத்தை அழுத்தினேன். அழுத்துகிற விரலுக்குத்தான் தெரிந்தது.

"ஐயோ சார், என்ன இது!" ஆரோக்கியமேரி அக்கா டீயை வைத்துவிட்டு உள்ளே ஓடினார், மஞ்சளா துணியா, ஏதோ எடுக்க. அப்போது நெஞ்சுக்குள் ஃபோன் அடித்தது. பேப்பருக்கு அந்தப் பக்கம் அமுங்கி அடித்தது, ஜிப்பை இறக்கி, மணமகள் தேவையை உருவிப் பெஞ்சில் போட்டு எடுப்பதற்குள் நின்று மறுபடி அடித்தது. "ஏனுங்க," என்றாள் கலாமணி, மூச்சு வாங்கியது, "சேலைய மடிக்கலாம்னு எடுத்தேன், அடியில ஒத்தச் சாக்ஸு கெடக்குது. கம்பளிச் சாக்ஸு. ஊக்கக் காணோம். அதுல ஊக்கு இருந்துச்சுங்க, நாந்தான் குத்துனேன். இன்னொண்ண மாட்டிட்டுப் போயிட்டீங்களா? ஊக்க எடுத்தீங்களா?" ஊக்கு என் வலது கையில் இருந்தது. "பேசுங்க. குத்திருச்சுங்களா?" குத்தியிருக்கு என்றேன். "ஐயோ. ரத்தம் வருதுங்களா?" வருது என்றேன். பிறகு அவள் கேட்டாள், எந்த வீட்டிலும் யாரும் கேட்பதை. "ரொம்ப வலிக்குதுங்களா?" வலிக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று இருந்தது. உயிர் போகிறது கலாமணி, துடிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் பதறியிருப்பாள், என்னைத் திட்டியிருப்பாள், திட்டிவிட்டுச் சமாதானமாகியிருப்பாள். எனக்கு அந்தத் திட்டு வேண்டியிருந்தது. கால் பெஞ்சின் மேல் வெயிலில் கிடந்தது, பேசாமல்.

"வலிக்கல, கலாமணி," என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று வந்து அடங்கியது. அவள் புரிந்துகொள்கிறாள் என்பது எனக்கு இங்கே தெரிந்தது, அவள் அலமாரிக்கு முன்னால் அந்த ஒற்றைச் சாக்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதும் தெரிந்தது. அழ மாட்டாள். நாற்பது நாளும் அழுததில்லை.

"எத்தன நாளாங்க?" என்றாள்.

"தீபாவளிக்கு முன்னால இருந்து."

"செரி," என்றாள். "காலக் கீழ ஊனாதீங்க. நான் பஸ் ஏறி வர்றேன்."